நம்ம பணம், நம்ம கணக்கு



நம் குழுக் கூட்டம் எப்படி நடக்கிறது? பாயை விரித்து வட்டமாக உட்காருகிறோம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம். சேமிப்பும் கடன் தவணையும் எண்ணி நடுவில் வைக்கப்படுகிறது. பிறகு ஊக்குநர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கிறார். நடுவில் ஒரு அக்கா, "இருங்க இருங்க, நான் நூறு ரூபாய்ல கட்டினேன், அம்பதுன்னு வாசிக்கிறீங்க?" என்கிறார். உடனே பேனா நிற்கிறது. பணம் மறுபடி எண்ணப்படுகிறது. தப்பு திருத்தப்படுகிறது. யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கணக்கு சத்தமாக வாசிக்கப்பட்டதால் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். கணக்கு பூட்டிய பெட்டிக்குள் இருந்திருந்தால், பட்டம் படித்தவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்த 50 ரூபாய்க்கு நாம் இவ்வளவு கறாராக இருக்கிறோம். நம் ஊராட்சிக்கு வருகிற லட்சக்கணக்கான ரூபாய்க்கு என்றைக்காவது இப்படிக் கணக்கு கேட்டிருக்கிறோமா? "நமக்கு எதுக்கு வம்பு?" என்று வந்துவிடுகிறோம். கிராம சபைக்குப் போனாலும், கூட்டத்துக்கு ஆள் காட்டத்தான் போகிறோம். தீர்மானப் புத்தகத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நீட்டினால், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களும் நம்மில் உண்டு. இதை மறைப்பதற்கில்லை.

இந்த இதழின் பாடம் இதைப் பற்றித்தான். ராஜஸ்தான் மாநிலத்தில் நம்மைப் போலக் கூலி வேலை பார்க்கிற பெண்களும் ஆண்களும் ஊர்க் கணக்கைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அதற்காகப் பல வருடம் போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் இன்று இந்தியாவில் எந்தக் குடிமகளும் பத்து ரூபாய் கட்டி அரசாங்கத்திடம் கணக்கு கேட்க முடிகிறது.

குறைந்த கூலியில் ஆரம்பித்த கதை

ராஜஸ்தானின் நடுப்பகுதி மழை குறைந்த பூமி. கல்லும் கரடுமான நிலம். மழை பொய்த்த வருடங்களில் அரசாங்கம் பஞ்ச நிவாரண வேலை கொடுக்கும். ரோடு போடுவது, குளம் வெட்டுவது, தடுப்பணை கட்டுவது போன்ற வேலைகள். வேலைக்கு வருகிறவர்களில் பெண்களே அதிகம்.

வேலை முடிந்து கூலி வாங்கும்போது, சட்டப்படி கிடைக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி கைக்கு வராது. ஏன் என்று கேட்டால், "நீங்க அளவுக்கு வேலை செய்யலை, அளந்து பார்த்தாச்சு" என்பார்கள். யார் அளந்தது, எப்போது அளந்தது, எவ்வளவு எழுதியிருக்கிறது என்று வேலை செய்தவர்களுக்குத் தெரியாது. பஞ்ச நிவாரண வேலையானாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983இல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. தீர்ப்பு காகிதத்தில் இருந்தது. கூலி பழையபடியே இருந்தது.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலியில் 5 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பேர் 30 நாள் வேலை செய்தால் 3,000 ரூபாய் போய்விடுகிறது. ஒரு ஆளுக்குச் சின்னத் தொகை, அதனால் தனியாகச் சண்டை போட மாட்டாள். எடுக்கிறவனுக்கோ அது பெரிய தொகை. ஊழல் இப்படித்தான் வளர்கிறது. "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்ற பழமொழி சும்மா வரவில்லை.

1987இல் மூன்று பேர் அந்தப் பகுதியில் தேவ்டுங்கிரி என்ற சின்னக் கிராமத்தில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து, 1975இல் அந்த வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தவர். இன்னொருவர் சங்கர் சிங். அந்த மண்ணின் மைந்தர். பொம்மலாட்டமும் பாட்டும் நாடகமுமாக மக்களோடு பேசத் தெரிந்தவர். மூன்றாமவர் நிகில் டே என்ற இளைஞர். அவர்கள் ஊருக்குத் திட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. பணமும் கொண்டுவரவில்லை. மக்களோடு மக்களாக இருந்து, அவர்கள் பிரச்சினையைக் கேட்டார்கள். ஊர் ஜனங்கள் முதலில் சொன்ன பிரச்சினை நிலமும் கூலியும்தான்.

1990 மே 1ஆம் தேதி, உழைப்பாளர் தினத்தன்று, அந்த வட்டாரக் கூலிக்காரர்களும் சிறு விவசாயிகளும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன். தொழிலாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு என்று நாம் சொல்லலாம். குறைந்தபட்சக் கூலி கேட்டு பீம் என்ற ஊரில் 1990இலும் 1991இலும் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்போதும் அதிகாரிகளிடமிருந்து வந்த பதில் ஒன்றே: "உங்க வேலை அளவு குறைவு. எங்க பதிவேட்டில் அப்படித்தான் இருக்கு."

"சரி, அந்தப் பதிவேட்டைக் காட்டுங்க" என்று மக்கள் கேட்டார்கள்.

"அது அரசாங்க ரகசியம், காட்ட முடியாது" என்று பதில் வந்தது. வெள்ளைக்காரன் 1923இல் போட்ட ரகசியச் சட்டம் ஒன்று அதற்குத் துணையாக இருந்தது.

அப்போதுதான் மக்களுக்கு ஒன்று விளங்கியது. கூலி குறைவதும், ரோடு போடாமலே போட்டதாகக் கணக்கு எழுதுவதும், ரேஷன் பொருள் காணாமல் போவதும் வேறு வேறு பிரச்சினை அல்ல. எல்லாம் அந்தப் பூட்டிய பீரோவுக்குள்தான் இருக்கிறது. பீரோவைத் திறந்தால் பாதி நியாயம் கிடைத்துவிடும்.

பந்தலுக்குக் கீழே வாசித்த கணக்கு

1994 டிசம்பர் 2ஆம் தேதி பாலி மாவட்டத்தில் கோட்கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. அவர்கள் பாஷையில் 'ஜன சுனவாய்'. அதைத் தொடர்ந்து 1995 ஏப்ரலுக்குள் வேறு நான்கு இடங்களில் நடந்தது.

இது எப்படி நடந்தது என்பதை நாம் கவனமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதில் நமக்குத் தெரியாத வித்தை ஒன்றும் இல்லை.

முதலில், நல்ல மனம் உள்ள அதிகாரிகள் மூலமாகவும், விடாமல் கேட்டும், சில பதிவேடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். யார் யாருக்கு எத்தனை நாள் கூலி கொடுத்ததாக எழுதியிருக்கிறது, எத்தனை மூட்டை சிமெண்ட் வாங்கியதாக இருக்கிறது என்ற விவரங்கள். அடுத்ததாக, அந்த விவரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். "அக்கா, இந்த வேலையில உங்க பேரு இருக்கு, நீங்க செஞ்சீங்களா? இவ்வளவு ரூபாய் வாங்கினீங்களா?" என்று கேட்டார்கள். மூன்றாவதாக, ஒரு நாள் குறித்து, பந்தல் போட்டு, மைக் வைத்து, ஊரையே கூப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வக்கீல், பத்திரிகைக்காரர், ஆசிரியர் போன்ற பொதுவான ஆட்கள் வந்து நடுவில் உட்கார்ந்தார்கள். அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் வந்து தங்கள் பக்கத்தைச் சொல்லலாம் என்று அழைப்புப் போனது.

பிறகு கணக்கை வாசித்தார்கள். அவ்வளவுதான்.

ஒரு பெயரை வாசித்தால், "அவர் செத்துப் பல வருஷம் ஆச்சே" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. இன்னொரு பெயரை வாசித்தால், "அவங்க ஊரை விட்டே போயிட்டாங்க" என்றார்கள். வேலையே செய்யாதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது. பாதியில் நின்ற கட்டடம் முடிந்துவிட்டதாக எழுதியிருந்தது. முக்காடு போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வந்து மைக்கைப் பிடித்து, "இது என் பெயர், ஆனா இது என் கைநாட்டு இல்லை" என்று சொன்னார்கள்.

நம் வாரக் கூட்டத்தில் "நான் நூறு கட்டினேன்" என்று சொன்ன அக்காவுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. கூட்டம் பெரியது, தொகை பெரியது. முறை அதே முறைதான்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கணக்கு எழுதுகிற கிராம சேவகர்கள், வெளியாட்களுக்குப் பதிவேட்டைக் காட்ட மாட்டோம் என்று வேலைநிறுத்தமே செய்தார்கள். சாட்சி சொல்ல வந்தவர்களுக்கு மிரட்டல் வந்தது. சாட்சி சொல்கிறவள் மறுநாள் அதே ஊரில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், அதே தலைவரிடம்தான் வேலை கேட்க வேண்டும். ஆனாலும் பத்துப் பேர் சேர்ந்து சொன்னதால், ஒருத்தியைத் தனியாகப் பிரித்துப் பழிவாங்குவது கஷ்டமாகிவிட்டது. 1998இல் நடந்த விசாரணைகளில் சில ஊராட்சித் தலைவர்கள், எடுத்த பணத்தை மக்கள் முன்னாலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

நாற்பது நாள் தெருவில்

1995 ஏப்ரலில் ராஜஸ்தான் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்: உள்ளூர் வேலைகள் சம்பந்தமான ஆவணங்களை மக்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம். ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், "எங்களுக்கு உத்தரவு எதுவும் வரலையே" என்றார்கள். ஒரு வருடம் இப்படியே ஓடியது.

1996 ஏப்ரல் 6ஆம் தேதி, அப்போது அஜ்மீர் மாவட்டத்தில் இருந்த பியாவர் என்ற நகரத்தில் தர்ணா ஆரம்பித்தது. அது நாடாளுமன்றத் தேர்தல் நேரம். ஓட்டுக் கேட்டு எல்லாக் கட்சிக்காரர்களும் தெருவில் இருந்தார்கள். கணக்குக் கேட்டு ஜனங்களும் தெருவில் உட்கார்ந்தார்கள். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது. ஆட்கள் முறைவைத்து வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் மாட்டைப் பார்க்கிற வேலை, குழந்தையைப் பார்க்கிற வேலை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டால்தான் இது முடியும். பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

முதலில் வேடிக்கை பார்த்த நகரத்துக்காரர்கள் பிறகு தாங்களே உதவ ஆரம்பித்தார்கள். சந்தையில் காய்கறி விற்கிறவர்கள் காய்கறி கொடுத்தார்கள். கடைக்காரர்கள் பண உதவி செய்தார்கள். தொழிற்சங்கங்கள் துணைக்கு வந்தன. "கூலிக்காரங்க பிரச்சினைன்னு நினைச்சோம், இது நம்ம எல்லார் பிரச்சினையும்தான்" என்று அவர்களுக்குப் புரிந்தது. தர்ணா 40 நாள் நடந்தது. அடுத்த வருடம், 1997இல், தலைநகர் ஜெய்ப்பூரில் 53 நாள் நடந்தது.

அப்போது அவர்கள் எழுப்பிய கோஷத்தைத்தான் இந்தப் பாடத்துக்குத் தலைப்பாக வைத்திருக்கிறோம். நம்ம பணம், நம்ம கணக்கு. அந்த இயக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண், நாலாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவர், டில்லியில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் பேசினார். உங்களுக்கு எதற்குத் தகவல் அறியும் உரிமை என்று கேட்டார்களாம். அவர் சொன்ன பதிலின் சாரம் இது: பத்து ரூபாய் கொடுத்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்கு கேட்கிறோம். அரசாங்கம் நம் பெயரில் கோடி கோடியாகச் செலவு செய்கிறது. அதற்குக் கணக்கு கேட்க வேண்டாமா?

இதைவிட எளிமையாக ஜனநாயகத்துக்கு விளக்கம் சொல்ல முடியுமா, சொல்லுங்கள்.

1996இலேயே இந்தக் கோரிக்கைக்காக நாடு தழுவிய பிரசாரக் குழு ஒன்று உருவானது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட ஆரம்பித்தன. நம் தமிழ்நாடு 1997இலேயே ஒரு சட்டம் போட்டது. ஆனால் அதில் 'இதைத் தர வேண்டாம், அதைத் தர வேண்டாம்' என்ற விலக்குகள் நிறைய இருந்ததால் மக்களுக்குப் பெரிய பலன் இல்லை. ராஜஸ்தான் 2000இல் சட்டம் இயற்றியது. கடைசியில் நாடாளுமன்றம் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2005 அக்டோபர் 12 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதே 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், அதாவது நாம் 'நூறு நாள் வேலை' என்று சொன்ன திட்டத்தின் சட்டத்தில், கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று எழுதப்பட்டது. கோட்கிரானா பந்தலில் நடந்ததுதான் பதினோரு வருடத்தில் சட்டத்துக்குள் ஏறியது.

ஓட்டு ஒரு நாள், கணக்கு எல்லா நாளும்

ஜனநாயகம் என்றால் என்ன என்று கேட்டால், "ஓட்டுப் போடறது" என்கிறோம். சரிதான். ஆனால் ஓட்டு ஐந்து வருடத்துக்கு ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் ஜனநாயகம் எங்கே இருக்கிறது?

நம் குழுவையே எடுத்துக்கொள்வோம். ஊக்குநரையும் பிரதிநிதியையும் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். தேர்ந்தெடுத்துவிட்டு வருடக்கணக்காகக் கூட்டத்துக்கே போகாமல், பாஸ்புக்கைப் பார்க்காமல் இருந்தால் குழு என்ன ஆகும்? நல்ல ஊக்குநராக இருந்தாலும் தடுமாறிப் போவார். கெட்ட எண்ணம் இருந்தால் கேட்கவே வேண்டாம். குழுவைக் காப்பாற்றுவது தேர்தல் மட்டும் அல்ல. வாரா வாரம் நாம் போய் உட்கார்ந்து கேட்பதுதான். ஊராட்சிக்கும் அதே நியாயம்தான், நாட்டுக்கும் அதே நியாயம்தான்.

வளர்ந்து வரும் நாடுகளில் இது இன்னும் முக்கியம். இங்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிதண்ணீர், ரேஷன், வேலை எல்லாவற்றுக்கும் ஏழைகள் அரசாங்கத்தைத்தான் நம்பி இருக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் தனியார் பள்ளிக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கும் போய்விடுவார்கள். அரசாங்கப் பணம் வழியில் கரைந்தால் அடி விழுவது நமக்குத்தான்.

பிரேசில் நாட்டிலும் இப்படி ஒரு காரியம் நடந்தது. போர்ட்டோ அலெக்ரி என்ற நகரத்தில் 1989 முதல், நகராட்சிப் பணத்தில் எந்த வேலையை முதலில் செய்வது என்பதைத் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு ஜனங்களே பேசி முடிவு செய்தார்கள். சேரிப்பகுதிப் பெண்கள் கூட்டங்களுக்கு வந்து, "எங்களுக்கு முதல்ல சாக்கடை, பிறகு ரோடு" என்று வரிசை சொல்ல முடிந்தது. உலகத்தில் பல ஊர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஆனால் ஆட்சிகள் மாறிய பிறகு அதே நகரத்தில் அந்த முறை தேய்ந்துபோனது. பெற்ற உரிமையைப் பயன்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அருவாள் தீட்டாமல் வைத்தால் துருப்பிடிக்கும் இல்லையா?

நம் தகவல் சட்டத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. 2019இல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே முடிவு செய்யலாம் என்று திருத்தம் வந்தது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரம் பற்றிய பிரிவைத் திருத்தியது. ஆள் பெயர் இருக்கிற விவரத்தைத் தர மாட்டோம் என்று சொல்ல இது இடம் கொடுத்துவிடும் என்று தகவல் உரிமைக்காகப் பாடுபட்டவர்கள் கவலைப்படுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். கூலிப் பட்டியலில் பெயரை வாசித்ததால்தானே செத்தவர் பெயரில் பணம் எடுத்தது தெரிந்தது? பெயரே இல்லாத பட்டியலை வாசித்து யார் என்ன கண்டுபிடிக்க முடியும்?

நாம் என்ன செய்யலாம்?

முதல் வாய்ப்பு கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை நடக்கும். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டு நாள்களும் சேர்ந்து ஆறு ஆயின. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வைத்துப் பேசத்தான் அந்தக் கூட்டம். ஊராட்சியில் தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி, கேட்கிற உரிமை நமக்கு மாறாது.

கிராம சபைக்குப் போவதற்கு முந்தின வாரக் கூட்டத்திலேயே பேசி, ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து விஷயம் வேண்டாம். எரியாத தெருவிளக்கா? அடிக்கடி பழுதாகிற தண்ணீர் மோட்டாரா? யார் கேட்பது, யார் துணைக்கு எழுந்து நிற்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். "மோட்டார் ரிப்பேர்னு இந்த வருஷம் எத்தனை தடவை, எவ்வளவு செலவு எழுதியிருக்கீங்க? வாசிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். குற்றம் சொல்ல வேண்டாம். கணக்கு மட்டும் கேட்டால் போதும். கூட்டம் முடிந்ததும் நம் தீர்மானம் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொல்லி, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். எழுதாத பக்கத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது வாய்ப்பு தகவல் மனு. கிராம சபையில் பதில் கிடைக்காவிட்டால் இதைச் செய்யலாம்.

மனுவை அந்த அலுவலகத்தின் 'பொதுத் தகவல் அலுவலர்' பெயருக்கு எழுத வேண்டும். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும்.

கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள், அதற்கான சான்று இணைத்தால், கட்டணம் கட்ட வேண்டாம்.

ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. "எதுக்கும்மா உனக்கு இது?" என்று கேட்டால், "சட்டத்துல காரணம் சொல்ல வேண்டியதில்லைங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அந்த அலுவலரே உதவி செய்ய வேண்டும். இதுவும் சட்டத்திலேயே இருக்கிறது.

சங்கத்தின் பெயரில் மட்டும் மனுப் போடாதீர்கள். உரிமை குடிமக்களுக்குத்தான் என்று சொல்லித் திருப்பிவிடலாம். ஒரு உறுப்பினர் பெயரில் போடுங்கள். ஒரே விஷயத்தைப் பல உறுப்பினர்கள் தனித்தனியாகக் கேட்டால், யார் மேலும் தனியாகக் கண் விழாது.

"ஏன் ரோடு சரியில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தத் தெரு ரோட்டுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? யார் வேலை எடுத்தார்கள்? அளவுப் புத்தகத்தின் நகல் வேண்டும்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், அடுத்த 30 நாளுக்குள் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. தபால் அனுப்பிய ரசீதைக் குழுப் பெட்டியிலேயே பத்திரமாக வையுங்கள்.

பயமா இருக்கே?

பயம் வரத்தான் செய்யும். தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்கள், உயிரையே இழந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டு "தைரியமாப் போங்க" என்று மட்டும் சொல்வது சரியில்லை. அதனால்தான் ஒரே ஒரு சகோதரியை முன்னால் தள்ளிவிட்டு மற்றவர்கள் பின்னால் நிற்கக் கூடாது என்கிறோம். கேட்பதென்றால் குழுவாகக் கேட்போம், ஊர்க் கூட்டமைப்புக்கும் தெரியப்படுத்திவிட்டுக் கேட்போம். அலுவலகத்துக்குப் போவதென்றால் மூன்று பேராகப் போவோம். மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுதி வைப்போம், கூட்டத்தில் சொல்வோம்.

இன்னொன்று. ஊர்க் கணக்கைக் கேட்கப் போகிற நாம், நம் குழுக் கணக்கைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். "உங்க சங்கத்துல கடன் கொடுத்த லட்சணம் தெரியாதா?" என்று ஒருவர் எழுந்து கேட்டால் நாம் தலைகுனியக் கூடாது. உறவுக்காரருக்கு மட்டும் கடன், வராதவருக்கும் வருகைக் கையெழுத்து என்ற பழக்கம் எந்தக் குழுவில் இருந்தாலும், முதலில் அதை நிறுத்துவோம். நம் பேரேட்டை நடுவில் வைத்து எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கிற குழுவால்தான் ஊராட்சியிடமும் "வாசிங்க" என்று சொல்ல முடியும்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டு அரிசியை அளந்தோம், குழுச் சேமிப்பை எண்ணினோம். அடுத்து ஊர்ப் பணத்தையும் எண்ணிப் பார்ப்போம். ராஜஸ்தானில் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்த பெண்களுக்கும் முதல் நாள் கை நடுங்கியிருக்கும். பக்கத்தில் இன்னொருத்தி நின்றதால் பேசினார்கள்.

அடுத்த கிராம சபையில் நாமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம், சகோதரிகளே.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. கடைசியாக நடந்த கிராம சபைக்கு நம் குழுவிலிருந்து எத்தனை பேர் போனோம்? அங்கே வரவு செலவு வாசிக்கப்பட்டதா? நாம் ஏதாவது கேட்டோமா?

2. ராஜஸ்தானில் கூலிப் பட்டியலைச் சத்தமாக வாசித்ததால் என்ன என்ன தெரிய வந்தது? நம் ஊரில் எந்தப் பதிவேட்டை வாசித்தால் நமக்குப் பிரயோஜனமாக இருக்கும்?

3. நம் ஊரில் கணக்கு கேட்க நினைக்கிற ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். யார் கேட்பது, யார் துணை நிற்பது என்று முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

4. நம் குழுக் கணக்கு கடைசியாக எல்லோர் முன்னாலும் முழுதாக வாசிக்கப்பட்டது எப்போது? இந்த வாரமே வாசிக்கலாமா?